பரிசு யாருக்கு, பெயர் யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் புரத வடிவங்களை ஆராய்ந்த விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உயிரியல் ஆராய்ச்சியாளர்களுக்கு யார் மரியாதை செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்விகளை மட்டும் எடுத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். சர்க்கரை நோய், முடி கொட்டுதல் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமச்சந்திரனுக்கு நோபல் கொடுக்காதது அநியாயம் என்று எங்கள் பேராசிரியர் ஒவ்வோர் அக்டோபரிலும் வகுப்பில் புலம்புகிறார். உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா, இல்லை நம் ஊர்ப் பாசமா?
*கல்லூரி மாணவர், விழுப்புரம்*

பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரிய ஆள்தான் தம்பி. எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952ல், முப்பது வயதைத் தொடும்போது, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அழைத்து வந்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழியாகக் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அதை எக்ஸ்ரே படம் பிடித்து, மூன்று சுருள் இழைகள் சேர்ந்த வடிவம் இது என்று 1954ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்றைக்கும் 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்' என்ற பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவரோடு வேலை செய்த ரிச்சும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவே, இது நடக்காதே என்று மறுத்தார்கள். வேறு யாராவது என்றால் கோபப்பட்டு ஒரு பதில் கடிதம் எழுதியிருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ராமச்சந்திரனோ, அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் தோண்ட ஆரம்பித்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் திருகலாம். எந்தக் கோணங்களில் திருகினால் அணுக்கள் முட்டிக்கொள்ளாது, எந்தக் கோணங்களில் முட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு ஒரே ஒரு சதுரப் படத்தில் காட்டிவிட்டார்கள். 1963ல் வந்த அந்தப் படத்துக்குத்தான் ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புதிய புரத வடிவத்தைக் கண்டுபிடித்துச் சமர்ப்பித்தாலும் அது இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது.

சரி, நோபல் ஏன் இல்லை? ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நோபல் பரிந்துரைக் கோப்புகள் 50 ஆண்டுகள் பூட்டியே இருக்கும் என்பதால் கதை சொல்பவர்களுக்கு நல்ல வசதி. அவருக்குக் கிடைத்ததைப் பாருங்கள்: 1961ல் நாட்டின் பெரிய அறிவியல் பரிசான பட்நாகர் பரிசு, 1977ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999ல் படிகவியலாளர்களின் உலக அமைப்பு தரும் எவால்ட் பரிசு. அந்த 1961 பட்நாகர் பரிசு இயற்பியல் பிரிவில் வந்தது! அதே வருடம் உயிரியல் பிரிவில் வாங்கியவர் எம்.எஸ். சுவாமிநாதன். வாழ்நாள் முழுக்கப் புரதத்தைக் கட்டி அழுதவர் இயற்பியல் கணக்கில் வந்ததற்குக் காரணம், அவருடைய துறைக்கு அன்றைக்கு நம்மிடம் நாற்காலியே இல்லை என்பதுதான்.

அடுத்த அக்டோபரில் உங்கள் பேராசிரியர் புலம்ப ஆரம்பித்ததும் மெதுவாக ஒன்று கேளுங்கள். 1963 கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, மற்ற இரண்டு யார் என்று. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். ஸ்டாக்ஹோமில் ஒருவரை மறந்துவிட்டார்கள் என்று அறுபது வருடமாக அழுகிறோம். இங்கே இரண்டு பேரை நாமே மறந்துவிட்டோம்.

இந்த மாதிரி விருதுகளுக்கு ஆராய்ச்சியாளரே விண்ணப்பிக்கலாமா?
*பெயர் வேண்டாம், மதுரை*

நோபலுக்கு முடியாது. அழைக்கப்பட்டவர்கள்தான் பரிந்துரைக்கலாம், தன் பெயரைத் தானே எழுதி அனுப்பினால் குப்பைக்கூடைதான். பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. கூச்சம் இருந்தால் சக ஊழியர் ஒருவரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

'சிறந்த விஞ்ஞானி விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தவும்' என்று மின்னஞ்சல் வந்தது. என் துறை விலங்கியல், அவர்கள் தந்திருப்பது பொறியியல் விருது. வாங்கலாமா?
*உதவிப் பேராசிரியர், சேலம்*

காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் விருது இல்லை, ரசீது. உங்களுக்கே தெரிந்துதான் கேட்கிறீர்கள். ஆனால் இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. பதவி உயர்வுப் படிவத்தில் 'பெற்ற விருதுகள்' என்று ஒரு கட்டம் போட்டு அதற்கு மதிப்பெண்ணும் வைத்தால், அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுக்க நாலு பேர் கடை விரிக்கத்தானே செய்வார்கள்? கட்டத்தைக் காலியாக விடுங்கள். நேர்காணலில் கேட்டால் நீங்கள் எழுதிய ஒரு நல்ல கட்டுரையைப் பற்றிப் பேசுங்கள்.

நம் நாட்டு உயிரியல் ஆராய்ச்சியாளர்களில் மிக அநியாயமாக மறக்கப்பட்டவர் யார்? ஒரே ஒருவர் பெயர்தான் சொல்ல வேண்டும்.
*செவிலியர், தஞ்சாவூர்*

ஒருவர்தான் என்றால் சம்பு நாத் டே. கொல்கத்தாக்காரர். நீங்கள் செவிலியர், காலரா வார்டு பார்த்திருப்பீர்கள் அல்லது மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதனால் இவர் செய்தது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884ல் கொல்கத்தாவில் வைத்தே அடையாளம் காட்டிவிட்டார். கிருமி விஷம் ஏதோ கக்குகிறது என்றும் சந்தேகப்பட்டார். ஆனால் அந்த விஷத்தை யாராலும் பிடித்துக் காட்ட முடியவில்லை. எலி, முயல் என்று எல்லாவற்றின் ரத்தத்திலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். டே என்ன செய்தார் என்றால், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் காலராக் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. இது 1953ல். அப்புறம் கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு அது வளர்ந்த நீரை மட்டும் செலுத்திப் பார்த்தார், அப்போதும் வீங்கியது. ஆக, கிருமி இல்லாமலே வேலை செய்யும் ஒரு நச்சு இருக்கிறது, அது குடலில்தான் வேலை செய்கிறது. 1959ல் 'நேச்சர்' இதழில் வந்தது அந்தக் கட்டுரை. பெரிய கருவி கிடையாது. நூல், ஊசி, முயல், எங்கே பார்க்க வேண்டும் என்ற புத்தி, அவ்வளவுதான்.

நோபல் வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978ல் நோபல் அமைப்பு காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரைப் பேச அழைத்தார்கள். அப்போது அவர் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இந்தியாவில்? அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய தேசிய விருது ஒன்றும் தரவில்லை. 1985ல் இறந்தார். அவருக்காக 'கரண்ட் சயின்ஸ்' ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது 1990ல், ஆள் போய் ஐந்து வருடம் கழித்து.

இதனால்தான் ஸ்டாக்ஹோமைத் திட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அவர்களாவது கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள்.

வீரகேரளம் வழியாகப் போகும்போதெல்லாம் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தைப் பார்க்கிறேன். அங்கே ஜானகி அம்மாள் என்று ஒரு பெண் விஞ்ஞானி இருந்தாராமே? என் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும், கொஞ்சம் விவரம் கொடுங்கள்.
*வாசகி, கோவை*

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. இ.கே. ஜானகி அம்மாள் 1897ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி இரண்டிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931ல் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் நம் ஊரில் பதினைந்து வயதுக்குமேல் கல்யாணம் ஆகாமல் இருந்தாலே அக்கம்பக்கம் விசாரிக்கும். இவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவைக்கு வந்தது 1934ல். ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை எண்ணி, எந்தச் செடியோடு எதைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்த்ததுதான் அவர் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு கலப்பினம் கூட உண்டாக்கினார்.

1939ல் பிரிட்டன் போனவர் போர் வந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945ல் வெளியானது. இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் வளர்த்த மக்னோலியா மரங்கள் இன்னும் பூக்கின்றன, அதில் ஒரு ரகத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். நேரு கூப்பிட்டதால் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். எண்பதை ஒட்டிய வயதில் சைலன்ட் வேலி அணைத் திட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். கடைசிக் காலத்தில் சென்னை மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் இருந்தார், 1984ல் அங்கேயே காலமானார்.

அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 1977ல், எண்பதை நெருங்கும் வயதில். பின்னால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரில் வகைப்பாட்டியலுக்கு, அதாவது உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் துறைக்கு, ஒரு தேசிய விருது ஏற்படுத்தியது. கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்புத் தம்பதி ஒருவர் தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒன்று கவனியுங்கள், இந்த மரியாதைகளில் செடிக்காரர்கள் செய்ததுதான் அவருக்குப் பொருத்தமாக இருக்கிறது.

உங்கள் பெண் பத்தாவது தாண்டியவளாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். முன்னே சொன்ன பட்நாகர் பரிசுக்கு 45 வயது வரம்பு இருந்தது. 2023ல் மத்திய அரசு அறிவியல் விருதுகளை மாற்றி ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்று ஆக்கி, அதில் வாழ்நாள் சாதனைக்கான முதல் விஞ்ஞான் ரத்னாவை 2024ல் சென்னையில் பிறந்த உயிர்வேதியியலாளர் ஜி. பத்மநாபனுக்குக் கொடுத்தது. அது சந்தோஷம். ஆனால் இளையோர் பிரிவில் அதே 45 நிற்கிறது. பிள்ளை பெற்று, வளர்த்து, திரும்ப ஆய்வகத்துக்கு வரும் பெண்ணுக்கும், ஒரு காட்டில் இருபது வருடம் உட்கார்ந்தால்தான் ஒரு முடிவுக்கு வரமுடியும் என்கிற களஆய்வாளருக்கும் இந்த வரம்பு ஒத்தே வராது. கணிதத்துக்குச் சரியாக இருக்கலாம். யானையை ஆராய்கிறவருக்கு, யானையின் வயசையாவது பார்க்க வேண்டாமா?

முப்பது வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். நான் தயாரித்த சிலைடுகளை வைத்து எத்தனையோ பேர் பட்டம் வாங்கினார்கள். ஒரு நன்றி வரிகூட இல்லை. இது எல்லா இடத்திலும் உள்ளதுதானா?
*வாசகர், சென்னை*

எல்லா இடத்திலும் உள்ளதுதான், அதற்காகச் சரியாகிவிடாது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அமெரிக்காவில் டக்ளஸ் பிராஷர் என்று ஒருவர். ஜெல்லிமீனைப் பச்சையாக ஒளிரவைக்கும் புரதத்தின் மரபணுவை 1992ல் பிரித்தெடுத்தார். ஆராய்ச்சிக்கு நிதி நின்றுபோனது. அதனால் அந்த மரபணுவைக் கேட்ட இரண்டு பேருக்குச் சும்மா அனுப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடினார். வாங்கிக்கொண்ட மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் அதை வைத்து உயிருள்ள செல்லுக்குள் எது எங்கே போகிறது என்று ஒளியால் பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். புரதத்தை முதலில் கண்டுபிடித்த ஷிமோமுராவையும் சேர்த்து மூன்று பேருக்கும் 2008ல் வேதியியல் நோபல். ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பங்கு போடக் கூடாது என்பது அங்கே விதி. அந்தச் செய்தி வந்தபோது பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள், மேடையில் அவர் பெயரைச் சொன்னார்கள். பின்னால் சியென் தன் ஆய்வகத்திலேயே வேலையும் கொடுத்தார். கமிட்டிக்கு விதி இருக்கலாம், பரிசு வாங்குகிறவருக்கு வாய் இருக்கிறது அல்லவா?

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலின் விஷத்தை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுப்பது அவர்கள்தான். மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017ல் ஃப்ளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023ல் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூகப் பணி. அறிவியல் பிரிவில் போட யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பல ஆய்விதழ்கள் கட்டுரையின் கடைசியில் யார் மாதிரி சேகரித்தார், யார் சோதனை செய்தார், யார் எழுதினார் என்று தனித்தனியாகப் போடச் சொல்கின்றன. உங்களுக்கு அது தாமதம். உங்கள் சிலைடுகளில் சில இன்னும் அந்தத் துறை அலமாரியில் இருக்கும் அல்லவா? லேபிளில் 'தயாரித்தவர்' என்று உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லித் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விலங்குகளுக்கு மனிதர்கள் பெயரை வைக்கிறார்களே, அது எப்படி? எங்கள் மேகமலையில் அப்படி ஏதாவது இருக்கிறதா?
*பத்தாம் வகுப்பு மாணவி, தேனி*

சூப்பர் கேள்வி. இருக்கிறது, அதுவும் வௌவால்!

1948ல் மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். அங்கே அதை வழக்கமான குட்டைமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்குமேல் இழுப்பறையில் கிடந்தது. அப்புறம் தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா என்ற ஆராய்ச்சியாளர் அதை எடுத்துப் பல்லைப் பார்த்து, இது வேறு இனம், இனம் மட்டுமல்ல பேரினமே புதுசு என்று கண்டுபிடித்தார். 1972ல் அதற்கு லாட்டிடென்ஸ் சலிமலி என்று பெயர் வைத்தார், பறவையியல் அறிஞர் சலீம் அலியைக் கௌரவிக்கும் விதமாக. கிட்டி 1974ல் இறந்துபோனார். அவர் தாய்லாந்தில் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு குட்டியூண்டு வௌவாலுக்கு, உலகத்திலேயே மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று அது, மற்றவர்கள் அவர் பெயரை வைத்தார்கள். ஹட்டன் பெயரில் மேகமலையில் ஒரு குழிவிரியன் பாம்பு இருக்கிறது.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கம் இல்லை, அடுத்தவருக்குத்தான் வைப்பார்கள். நீ உயிரியல் எடுத்துப் படி, நமக்கு ஒரு வண்டாவது கிடைக்கட்டும்.

எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். நல்ல ஆராய்ச்சியாளர், மலை மலையாக அலைந்து செடி சேகரித்தவர். பொன்னாடை, நினைவுப் பரிசு, பிரியாணி தவிர வேறு என்ன செய்யலாம்?
*முதுகலை மாணவிகள், திருச்சி*

பிரியாணியை விட்டுவிடாதீர்கள்.

பொன்னாடையை நிறுத்துங்கள். எந்தப் பேராசிரியர் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அது சரிந்து விழுகிறது. அந்தக் காசில் அவர் சேகரித்த உலர்தாவரத் தாள்களை எல்லாம் எடுத்து நல்ல வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் எழுதிய சேகரிப்பு எண், இடம், தேதி, பூவின் நிறம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ஒரு பட்டியலாக்குங்கள். காய்ந்த பூவில் நிறம் நிற்காது, பறித்த அன்றைக்கு அவர் எழுதிய குறிப்புதான் மிச்சம். கையெழுத்து புரியாத இடங்களை அவர் இருக்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இது முக்கியம், போன பிறகு யாராலும் படிக்க முடியாது. உங்கள் ஊரிலேயே செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுத்த இடம். தாள்களை எப்படிப் பராமரிப்பது என்று அங்கே போய்க் கேட்கலாம், இரட்டைத் தாள்கள் இருந்தால் அங்கே ஒரு பிரதி வைக்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

விழா மேடையில் வாழ்த்துரை வழங்க எட்டுப் பேரைக் கூப்பிடாதீர்கள். அவர் கண்டுபிடித்ததில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு மாணவி இருபது நிமிடம் விளக்கட்டும். அவரோடு மலைக்குப் போன வழிகாட்டிகளும் ஜீப் ஓட்டுநரும் அழைப்பிதழில் இருக்கிறார்களா என்று அச்சுக்குப் போகும்முன் பார்த்துவிடுங்கள்.